சுண்டெலியைத் தூக்கிய கை

மருத்துவ விஞ்ஞானத்தின் வரலாற்றை எழுதுவோர் அறிஞர்களின் பெயர்களையும் மருந்துகளின் பெயர்களையும் ஆண்டு வாரியாக அடுக்கிச் செல்வது வழக்கம். அவ்வரலாற்றிலே சுண்டெலிக்கும் ஓரிடம் உண்டு. புற்றுநோயையும் பரம்பரை நோய்களையும் நோயெதிர்ப்புச் சக்தியையும் பற்றி இன்று நாம் அறிந்தவற்றுட் பெரும்பகுதி சுண்டெலியின் உடலிலே முதலிற் காணப்பட்டதாகும். ஆயின் அச்சுண்டெலியைக் கூட்டிலிருந்து வெளியே எடுத்தவர் யார், அதனை எவ்வாறு பிடித்தார் என்ற வினாவை அந்நூல்கள் எழுப்புவதில்லை. அற்பமான வினா என்று எண்ணத் தோன்றும். விஞ்ஞானிகளிற் பெரும்பாலாரும் அவ்வாறே எண்ணினர். ஏறத்தாழ ஒரு நூற்றாண்டுக் காலம் அவ்வாறு எண்ணியதனால் விளைந்தது யாது என்பதே இக்கட்டுரையின் பொருள். தமிழ் கற்பிக்கும் ஒருவனுக்கு இவ்விடயத்திலே என்ன வேலை என்று கேட்பவர் இருக்கலாம். உழைப்பின் வரலாறு எந்தத் துறையினுள்ளே மறைந்து கிடந்தாலும் அது நமக்குரிய பொருளே.

சுண்டெலியைத் தூக்கும் வழக்கமான முறை எளிது. பெருவிரலாலும் சுட்டுவிரலாலும் வாலின் அடிப்பகுதியைப் பற்றி மேலே தூக்குவர். கூடு மாற்றும்போதும், நிறுக்கும்போதும், ஊசியேற்றும்போதும் இதுவே முறை. வளர்ந்த சுண்டெலி 20 முதல் 40 கிராம் வரையே நிறையுடையது. அந்நிறையை அதன் வால் தாங்கும். இதனினும் பெரிய இனமாகிய எலியை அவ்வாறு தூக்கினால் வாற்றோல் உரிந்துவிடக்கூடும். ஆகவே எலியை உடலோடு சேர்த்து அணைத்துத் தூக்கும் பழக்கம் ஏற்பட்டது. சுண்டெலிக்கோ அதன் இலேசான உடலே கேடாய் முடிந்தது. வாலிலே தொங்கும் சுண்டெலி கால்களை விரித்துக் காற்றைத் துழாவும். சிறுநீரும் மலமும் கழிக்கும். இது சுண்டெலியின் இயல்பு என்றே கொள்ளப்பட்டது. கையேடுகள் பலவும் பல ஆண்டுகளாக இம்முறையையே கற்பித்து வந்தன.

ஆய்வுகூடச் சுண்டெலியின் பிறப்பை நோக்குவோமாயின், அது ஓர் ஆசிரியையின் பண்ணையிலே தொடங்குவதைக் காணலாம். அமெரிக்காவின் மசச்சூசெற்ஸ் மாநிலத்திலுள்ள கிரான்பி என்னும் சிற்றூரில் வாழ்ந்த அபி லேத்ரொப் (1868-1918), நோயின் காரணமாகப் பள்ளி ஆசிரியத் தொழிலை விட்டவர். கோழி வளர்த்தார், அதிலே நட்டமடைந்தார். பின்னர், செல்லப் பிராணிகளாக வாங்கப்பட்ட விசித்திர நிறச் சுண்டெலிகளை வளர்த்து விற்கலானார். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கம் அது. மெண்டலின் பிறப்புரிமை விதிகள் மீண்டும் கண்டெடுக்கப்பட்டு, அவை பாலூட்டிகளுக்கும் பொருந்துமா என்று ஆராயப் புகுந்திருந்த காலம். ஹாவார்ட் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த வில்லியம் காசில் போன்ற ஆராய்ச்சியாளர் அவரிடமிருந்து சுண்டெலிகளை வாங்கினர். ஒரு கட்டத்திலே அவர் பண்ணையில் 11,000க்கு மேற்பட்ட சுண்டெலிகள் இருந்தன. அக்கூடுகளைத் துப்புரவாக்க அயலிலுள்ள சிறுவர்களை அவர் அமர்த்தியிருந்தார்; கூலி மணித்தியாலத்துக்கு 7 சதம்.

லேத்ரொப் வெறும் வியாபாரி அல்லர். தம் சுண்டெலிகள் சிலவற்றின் தோலிலே புண்கள் தோன்றுவதை 1908ஆம் ஆண்டளவில் அவதானித்து, அவற்றை அறிஞர் சிலருக்கு அனுப்பிவைத்தார். அவை புற்று என்று நோயியல் அறிஞர் லியோ லோப் கண்டார். அதன்பின் இருவரும் சேர்ந்து, சூலகத்தை அகற்றினால் மார்புப் புற்று குறைகின்றது என்பது உட்படப் பல முடிபுகளைக் கட்டுரைகளாக வெளியிட்டனர். பல்கலைக்கழகப் பட்டம் பெறாத ஒரு பெண், நாள்தோறும் கூடுகளுக்கிடையே நடந்து கண்ணாற் கண்டும் கையாற் தொட்டும் அறிந்த அறிவு அது. விஞ்ஞான வரலாறு அவர் பெயரை நெடுங்காலம் ஒரு அடிக்குறிப்பளவிலேயே வைத்திருந்தமை வியப்பன்று. அந்தச் சிறுவர்களின் பெயர்களோ அடிக்குறிப்பிலும் இல்லை.

காசிலின் மாணவர் கிளாரன்ஸ் குக் லிற்றில், 1909இல் உடன்பிறந்த சுண்டெலிகளையே தலைமுறை தலைமுறையாக இணைக்கும் முயற்சியைத் தொடங்கினார். அவ்வாறு இருபது தலைமுறை இணைத்தால், ஒரே வார்ப்பிலே எடுத்தவை போன்ற சுண்டெலிகள் கிடைக்கும். லேத்ரொப்பின் பண்ணையிலிருந்து வந்த 57ஆம் இலக்கப் பெண் சுண்டெலியின் வழியிலே 1921இல் உருவான கறுப்பினமே இன்று உலக ஆய்வுகூடங்களில் மிகப் பெருவழக்காக உள்ள இனம். 1929இல் லிற்றில் மெயின் மாநிலத்து பார் ஹாபரில் ஜாக்சன் ஆய்வுகூடத்தை நிறுவினார். அவ்வாண்டே பொருளாதார நெருக்கடி வெடித்தது. நன்கொடைகள் வற்றின. 1933இல் அந்த ஆய்வுகூடம் தன் சுண்டெலிகளை விலைக்கு விற்கத் தொடங்கிற்று.

இவ்விடத்திற் சற்றே தரித்து நோக்குதல் தகும். சுண்டெலி பண்டமாயிற்று. பண்டத்தின் முதற் பண்பு ஒன்றையொன்று ஒத்திருத்தல். வாங்குபவருக்கு எந்தச் சுண்டெலி என்பது பொருட்டன்று. எந்த இனம், எத்தனை கிழமை வயது என்பனவே வேண்டும். ஆகவே குருதி சீராக்கப்பட்டது. பின்னர் உணவும் கூடும் அறையின் வெப்பநிலையும் விளக்கெரியும் நேரமும் படிப்படியாகச் சீராக்கப்பட்டன. சீராக்கப்படாது எஞ்சியது ஒன்றே: கை. பண்டம் தன்னை ஆக்கிய உழைப்பை மறைத்துவிடும் என்று மார்க்ஸ் விளக்கியது நூலாலைத் துணிக்கு மட்டும் உரியதன்று. ஆய்வுக் கட்டுரைகளிலே சுண்டெலியின் இனம், உணவு, விற்ற நிறுவனம் எல்லாம் எழுதப்பட்டன. அதை நாள்தோறும் எடுத்தவர் எவ்வாறு எடுத்தார் என்பது எழுதப்படவில்லை. எழுதவேண்டும் என்று தோன்றவுமில்லை.

அறியாமையால் அவ்வாறு நேர்ந்தது எனக் கூறிவிட இயலாது. அறிவதற்கு வேண்டியன யாவும் ஏற்கெனவே கைக்கெட்டும் தொலைவிலே கிடந்தன. ஹாவார்டில் வோல்ரர் கனன், பூனைகளின் இரைப்பை அசைவை எக்ஸ் கதிர்கொண்டு பார்த்துக்கொண்டிருந்தபோது, பூனை கலவரமடைந்தவுடன் அசைவு நின்றுவிடுவதைப் பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியிலேயே கண்டார். குரைக்கும் நாய்க்கு முன்னால் வைக்கப்பட்ட பூனையின் குருதியிலே அதிரீனல் சுரப்பு மிகுவதை 1911இற் காட்டினார். அச்சம் என்பது உள்ளத்தோடு நின்றுவிடும் ஒன்றன்று, அது குருதியிலும் குடலிலும் அளக்கத்தக்கது என்பது அன்றே நிறுவப்பட்டுவிட்டது.

இதனினும் நேரடியான சான்று பிலடெல்பியாவிலுள்ள விஸ்ரர் நிறுவகத்திலே கிடைத்தது. அது வெள்ளை எலி வளர்ப்புக்குப் பேர்போன இடம். பிரெடரிக் ஹமெற் என்பவர் அங்கே எலிகளின் தைரொயிட், பராதைரொயிட் சுரப்பிகளை அகற்றி விளைவை ஆராய்ந்தார். ஒரே சத்திரசிகிச்சை; ஒரே இன எலிகள்; ஆனால் சில விரைவில் இறந்தன, சில பிழைத்தன. காரணத்தைத் தேடியபோது அவர் வந்து சேர்ந்த இடம் விசித்திரமானது. ஒரு கூட்டத்து எலிகள் சிறுவயது முதல் நாள்தோறும் கையில் எடுக்கப்பட்டு, தடவிக் கொடுக்கப்பட்டுப் பழக்கப்பட்டவை. மற்றக் கூட்டத்து எலிகளுக்கு உணவிடவும் கூடு துப்புரவாக்கவும் மட்டுமே மனிதர் வந்து போயினர். அவை ஆளைக் கண்டால் மருண்டன. 1921இல் அவர் வெளியிட்ட முடிபின்படி, மருண்ட கூட்டத்திலே 48 மணித்தியாலங்களுள் 79 சதவீதம் இறந்தன. பழகிய கூட்டத்திலே இறந்தவை 13 சதவீதமே.

79க்கும் 13க்கும் இடையிலுள்ள தூரத்தை எண்ணிப்பார்க்க வேண்டும். ஒரு புதிய மருந்து இத்துணை வேறுபாட்டை உண்டாக்கியிருப்பின் அதனைக் கண்டவருக்கு எத்தகைய புகழ் கிட்டியிருக்கும்! இங்கே வேறுபாட்டை உண்டாக்கியது எலி வளர்ப்பவரின் விரல்கள். அதே நிறுவகத்தைச் சேர்ந்த கிறீன்மனும் லூயிஸ் டூரிங்கும் 1923இல் எழுதிய எலி வளர்ப்புக் கைந்நூலிலே எலிகளை மென்மையாக நடத்தும் முறையை வலியுறுத்தினர். எனினும் அந்த அறிவு சுண்டெலியின் கூடுகளை எட்டவில்லை. ஏன் எட்டவில்லை? என் கருத்திலே, கைவேலை என்பது சம்பளப் பட்டியலின் அடியில் உள்ளவரின் வேலையாக இருந்தது. அடியில் உள்ளவர் அறிந்திருப்பது பழக்கம் எனப்படும். மேலே உள்ளவர் அறிந்திருப்பதே அறிவு எனப்படும். இந்த வகுப்பு வேறுபாடு ஆலையிலும் தோட்டத்திலும் மட்டும் உள்ளதன்று, ஆய்வுகூடத்திலும் உண்டு.

1936இல் மொன்றியலிலுள்ள மக்கில் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஹான்ஸ் செலியே, குளிர், காயம், நஞ்சு என எவ்வகைக் கேடு நேரினும் எலியின் உடல் ஒரே வகையாக எதிர்வினை காட்டுகின்றது என்று ஒரு சிறு கடிதத்தில் எழுதினார். அதிரீனல் பருக்கின்றது, தைமசு சுருங்குகின்றது, இரைப்பையிலே புண் தோன்றுகின்றது. மன அழுத்தம் பற்றிய ஆராய்ச்சி என இன்று உலகெங்கும் நடைபெறுவதன் வித்து அக்கடிதம். அவ்வாராய்ச்சிக்காகப் பின்னாளிலே இலட்சக்கணக்கான சுண்டெலிகள் எடுக்கப்பட்டன. அழுத்தத்தை ஆராயுமுன் அழுத்தம் கொடுக்கும் முறையிலே அவை எடுக்கப்பட்டன என்பது இவ்வரலாற்றின் கசப்பான நகைச்சுவை.

இங்கிலாந்தின் கதை சற்று வேறானது. 1926இல் சாள்ஸ் ஹியூம் என்பவர் இலண்டன் பல்கலைக்கழகத்திலே விலங்கு நலச் சங்கமொன்றைத் தொடங்கினார். ஆராய்ச்சியை முற்றாக எதிர்ப்போருக்கும் எதையும் செய்யலாம் என்போருக்கும் இடையே, விலங்கின் துன்பத்தை விஞ்ஞான முறையாலேயே குறைக்கலாம் என்பது அச்சங்கத்தின் நிலைப்பாடு. 1938இல் அது அனைத்துப் பல்கலைக்கழகங்களுக்கும் உரிய சம்மேளனமாக விரிந்தது; 1947இல் ஆய்வுகூட விலங்குகளைப் பராமரிப்பது பற்றிய கைந்நூலை வெளியிட்டது. கூடு துப்புரவாக்குவோரும் தீனியிடுவோரும் 1950ஆம் ஆண்டளவில் தமக்கென ஒரு சங்கத்தை அமைத்துக்கொண்டனர் என்பதையும் இங்கே குறித்துக்கொள்ளல் வேண்டும். தம் வேலை ஒரு தொழிற்கலை, அதற்குப் பயிற்சியும் தகுதிச் சான்றும் வேண்டும் என்று அவர்கள் வாதிட்டனர்.

அச்சம்மேளனம் 1954இல் தொடக்கிய ஆய்வின் பயனாக, 1959இல் வில்லியம் றசலும் றெக்ஸ் பேர்ச்சும் எழுதிய நூல் வெளிவந்தது. விலங்குக்குப் பதிலாக வேறொன்றைக் கொள்ளுதல், எண்ணிக்கையைக் குறைத்தல், முறையைச் செம்மைப்படுத்தல் என்ற மூன்று வழிகளை அது வகுத்தது. சோதனையின் தன்மையிலேயே அடங்கிய கொடுமை ஒன்று, கவனக்குறைவால் தற்செயலாக வந்து சேரும் கொடுமை மற்றொன்று என்று அவர்கள் பிரித்துக் காட்டியதே எமக்கு இங்கு முக்கியம். வாலைப் பற்றித் தூக்குவது இரண்டாவது வகைக்கு அச்சொட்டான எடுத்துக்காட்டு. எந்தச் சோதனையும் அதனை வேண்டவில்லை. ஆனால் அந்நூல் கால் நூற்றாண்டுக் காலம் ஏறத்தாழக் கவனிப்பாரற்றுக் கிடந்தது. 1980களிலேதான் அதன் பெயர் சட்டம் இயற்றுவோர் வாயிலும் அடிபடத் தொடங்கிற்று.

கையின் கணக்கு விஞ்ஞானத்தின் வாசலை வேறொரு வழியாக வந்து தட்டியது. 1999இல் அமெரிக்காவின் அல்பேனி, போட்லண்ட் ஆகிய நகரங்களிலும் கனடாவின் எட்மன்ரனிலும் உள்ள மூன்று ஆய்வுகூடங்கள், ஒரே இனங்களைச் சேர்ந்த, ஒரே வயதுடைய சுண்டெலிகளை ஒரே வகைக் கருவிகளில் இட்டு ஒரே சோதனைகளை நடத்தின. சமப்படுத்த இயன்றவை யாவும் சமப்படுத்தப்பட்டன. ஆயினும் சில சோதனைகளின் முடிபுகள் நகருக்கு நகர் வேறுபட்டன. தமிழிலே கைப்பக்குவம் என்றொரு சொல் உண்டு. ஒரே அரிசி, ஒரே புளி, ஒரே சட்டி. ஆயினும் ஆச்சி வைத்த குழம்பும் மருமகள் வைத்த குழம்பும் ஒன்றல்ல. நம் அடுக்களைகள் நெடுங்காலமாக அறிந்திருந்ததை ஆய்வுகூடங்கள் பெருஞ்செலவில் அறிந்துகொண்டன எனலாம். 2002இல் வெளியான மற்றோர் ஆய்வு, சுண்டெலியின் வாலை வெந்நீரில் நனைத்து அது எத்தனை விநாடியில் வாலை இழுக்கின்றது என அளந்த பழைய பதிவுகளை, 8,000க்கு மேற்பட்ட சுண்டெலிகள் பற்றியவற்றை, கணினியில் இட்டுப் பார்த்தது. முடிபைத் தீர்மானித்த காரணிகளுள், சுண்டெலியின் இனத்தைக் காட்டிலும் சோதனையை நடத்திய ஆளே முதன்மை பெற்றார்! இனத்தைச் சீராக்க எத்தனை தசாப்தங்கள் செலவாயின என்பதை நினைவிற்கொண்டு இதனை வாசிக்க வேண்டும். 2014இல், செலியே பணிபுரிந்த அதே மக்கில் பல்கலைக்கழகத்திலிருந்து வந்த செய்தி, ஆண் ஒருவர் அறையில் இருந்தாலே, அவர் உடுத்த சட்டையின் வாடை பட்டாலே, சுண்டெலிக்கு அழுத்தம் மிகுந்து வலியுணர்வு மழுங்குகின்றது என்பது. பெண்களின் வாடைக்கு அவ்விளைவு இல்லை. ஆண்களே மிகுந்திருந்த ஆய்வுகூடங்களில் எழுந்த எத்தனை வலிமருந்துக் கட்டுரைகளை இது ஐயத்துக்குள்ளாக்குகின்றது என்பதை வாசகரே கணித்துக்கொள்வர்.

இந்தப் பின்னணியிலேதான் 2010இல் லிவர்பூல் பல்கலைக்கழகத்தின் ஜேன் ஹேர்ஸ்ரும் றெபெக்கா வெஸ்ற்றும் செய்த சோதனையை மதிப்பிட வேண்டும். அதன் எளிமை வியப்புக்குரியது. சுண்டெலிகளை மூன்று பிரிவாக்கினர். ஒரு பிரிவை வழக்கம்போல் வாலைப் பற்றித் தூக்கினர். ஒரு பிரிவைக் குவித்த உள்ளங்கையிலே, இறுகப் பற்றாமல் ஏந்தி எடுத்தனர். மூன்றாம் பிரிவுக்கு ஒளி ஊடுருவும் குழாயொன்றைக் கூட்டினுள் நீட்டினர். சுண்டெலி தானாக அதனுள் நுழைந்ததும் குழாயோடு தூக்கினர். சில நாட்கள் இவ்வாறு பழக்கியபின் அவர்கள் கேட்டது ஒரே கேள்வி. அதே கையை, அல்லது அதே குழாயைக் கூட்டினுள் வைத்துவிட்டு, சுண்டெலி தன் விருப்பப்படி எவ்வளவு நேரம் அதனருகே வருகின்றது என அளந்தனர். அதாவது, சுண்டெலியிடமே கேட்டனர். நூறாண்டு வரலாற்றிலே இக்கேள்வியை இத்துணை நேராக எவரும் கேட்டதாகத் தெரியவில்லை.

வாலில் தூக்கப்பட்டவை கையை விட்டு விலகி நின்றன. குழாயிலும் உள்ளங்கையிலும் எடுக்கப்பட்டவை தாமே அணுகி வந்தன, மோந்தன, ஏறின. பின்னர், தரைக்கு மேலே உயர்த்தி வைக்கப்பட்ட சிலுவை வடிவத் தளத்திலே விட்டபோது, வாலில் தூக்கப்பட்டவை சுவரற்ற திறந்த பாதைகளுக்குச் செல்ல அஞ்சின. மற்றவை துணிந்து சென்றன. பல்வேறு இனங்களிலும், ஆணிலும் பெண்ணிலும், பகலிலும் இரவிலும் இப்போக்கே காணப்பட்டது. கழுத்துத் தோலைப் பற்றி அடக்கிப் பிடித்த பின்னரும், குழாய்ச் சுண்டெலிகள் மீண்டும் குழாயை நாடி வந்தன. சுண்டெலியின் இயல்பு என்று கருதப்பட்ட மருட்சியிற் பெரும்பகுதி சுண்டெலியினுடையதன்று, அதனைத் தூக்கிய முறையினுடையது என்பது இதனாற் புலனாயிற்று. அடக்கப்பட்டோரின் அச்சத்தை அவர்களின் பிறவிக் குணம் என்று விளக்கும் பழக்கம் மனித சமுதாய வரலாற்றிலும் நமக்குப் புதிதன்று.

2017இல் அதே பல்கலைக்கழகத்திலிருந்து வந்த ஆய்வு இதன் விளைவை மேலும் தெளிவாக்கிற்று. வெவ்வேறு வாடைகளைப் பிரித்தறியும் சோதனையிலே, வாலில் தூக்கப்பட்டவை வாடையை அணுகி ஆராயவே முனையவில்லை. ஆகவே வேறுபாடு அறியாதவை போலத் தோன்றின. குழாயில் எடுக்கப்பட்டவை நன்கு பிரித்தறிந்தன. முதற் பிரிவை மட்டும் பார்த்த ஒருவர், இச்சுண்டெலிக்கு அறியும் ஆற்றல் குறைவு என்று எழுதியிருப்பார்; அக்கட்டுரை அச்சேறியும் இருக்கும். நியூகாசில் பல்கலைக்கழகத்தார் 2018இல் வெளியிட்டதன்படி, வாலில் தூக்கப்பட்டவை இனிப்பு நீரிலும் குறைந்த நாட்டத்தையே காட்டின. மனச்சோர்வு மருந்துகளைச் சோதிக்கும் ஆய்வுகூடங்களில் அளக்கப்படுவது இதே நாட்டந்தான். பிழையான அளவிலிருந்து பிழையான முடிபு. அதனைச் சரிபார்க்க மேலும் சுண்டெலிகள். அந்த மருந்துக்காகக் காத்திருக்கும் நோயாளிக்கு மேலும் ஆண்டுகள்.

இங்கே முற்போக்காளர் சிலர் ஓர் ஆட்சேபத்தை எழுப்புவர். குழாயிலே மென்மையாக ஏற்றப்பட்ட சுண்டெலியும் இறுதியிலே கொல்லப்படுவதுதானே. இது சுரண்டலுக்குப் பூசிய மெழுகன்றோ என்பர். இவ்வாட்சேபத்தைத் தட்டிக்கழிக்க நான் விரும்பவில்லை. விலங்கைச் சோதனைக்கு உட்படுத்தலாமா என்ற வினாவுக்குக் குழாய் விடையன்று. ஆனால் 1847இல் இங்கிலாந்திலே பத்து மணித்தியால வேலைச் சட்டம் நிறைவேறியபோது, அது முதலாளித்துவத்தை ஒழிக்கவில்லை என்பதற்காக அதனை ஒருவரும் அற்பமென்று தள்ளவில்லை. மார்க்சே அதனைத் தொழிலாளரின் பெருவெற்றியாகக் கொண்டார். வேறுபாடு ஒன்று உண்டு என்பதையும் மறைக்கலாகாது. ஆலைத் தொழிலாளர் தாமே கேட்டுப் பெற்றனர். சுண்டெலிக்குச் சங்கமில்லை. அதன் சார்பிலே பேசக்கூடியவர், நாள்தோறும் கூட்டைத் திறக்கும் பணியாளரே. அவர் சொல்வதைக் கேட்கும் வழக்கம் ஆய்வுகூடத்தில் உண்டா என்பதைப் பொறுத்தே மற்றவை அமையும்.

பிரித்தானியாவிலே 2004இல் அமைக்கப்பட்ட தேசிய நிலையமொன்று குழாய் முறையைப் படங்கள் மூலமும் பயிற்சிகள் மூலமும் பரப்பி வந்துள்ளது. எனினும் 2020இல் நியூகாசிலார் பல நாட்டுப் பணியாளரிடமும் ஆராய்ச்சியாளரிடமும் விசாரித்து வெளியிட்ட ஆய்விலே, கணிசமானோர் இன்னமும் வாலையே பற்றுவதாகக் கூறினர். அவர்கள் காட்டிய தடைகளுள் முதன்மையானது நேரம். இவர்களைக் குறைகூறுதல் எளிது. ஒரு நாளிலே எத்தனை கூடுகளை ஒருவர் மாற்ற வேண்டும் என்பதை அவர்கள் தீர்மானிப்பதில்லை. நிர்வாகம் தீர்மானிக்கின்றது, வாலைப் பற்றும் வேகத்தைக் கணக்கில் வைத்தே தீர்மானிக்கின்றது.

நேரம் பற்றிய இவ்வாதத்துக்கு லிவர்பூல் ஆராய்ச்சியாளர் 2019இல் விடை கூறிவிட்டனர். சுண்டெலியைக் குழாய்க்குப் பழக்குவதற்கெனத் தனியாக நேரம் ஒதுக்க வேண்டியதில்லை. கூடு மாற்றும்போது மட்டும், ஒவ்வொரு முறையும் 2 விநாடி குழாயில் வைத்து எடுத்தாலே போதும் என்று காட்டினர். சில ஆய்வுகூடங்களிலே அக்குழாய் கூட்டினுள்ளேயே விடப்பட்டிருக்கின்றது. பணியாளர் வராத வேளைகளில் சுண்டெலிகள் அதனுள் ஒதுங்கிக்கொள்கின்றன.